தொட்டிமேடு

பிறந்த ஊர் என்ற கட்டத்துக்குத்
தொட்டிமேடு என்றேன்.
சூரமங்கலம் இ-சேவை மையத்துப் பையன்
மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு
"லிஸ்ட்ல இல்லீங்க்கா,
பக்கத்துல வேற ஊர் சொல்லுங்க" என்றான்.

பக்கத்தில் ஒரு பலாமரம்தான் இருந்தது.

ஊர் ஆரம்பித்தது ஒரு ரேடியேட்டரில்.
பாக்சைட் ஏற்ற மலையேறிய லாரி
கொதித்து நின்ற வளைவில்
சடையாண்டி மூங்கிலைப் பிளந்து
ஊற்றைத் தொட்டிக்குத் திருப்பியிருந்தார்.
மாட்டுக்கு வைத்த கல்தொட்டி.
லாரி குடித்தது.
டிரைவர் நாலணா கொடுத்தான்.
அன்றிரவு சடையாண்டி தூங்கவில்லையாம்.

நின்ற வண்டிக்காரர்களுக்கு டீ வேண்டும்.
எஸ்டேட் மேஸ்திரியை அறைந்துவிட்டு
அதே நடையில் வந்த ரோசம்மா
அடுப்பு மூட்டினாள்.
டயருக்குப் பஞ்சர் ஒட்ட வேண்டும்.
பாலக்காட்டிலிருந்து கொச்சுண்ணி வந்தார்.
டீக்கணக்கு நூற்றுப்பத்து ரூபாய் ஏறியபோது
இருவருக்கும் கல்யாணம்.
கணக்கை மட்டும் அம்மா
கடைசிவரை அழிக்கவில்லை.

பதினேழு வீடு.
திங்கள் ஏறி வியாழன் இறங்கும் வாத்தியார்.
ஒரு தபால்பெட்டி:
பாதிக் கடிதம் டிரைவர்கள் வீட்டுக்கு எழுதியது,
மீதி, வீட்டுக்குத் தெரியக்கூடாதது.
மண் சிவப்பு, துணி சிவப்பு,
தும்மினால் கைக்குட்டையும் சிவப்பு.

தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல்.
சடையாண்டியின் மருமகள் தீர்த்தி
நிறைமாதம்.
டோலி கட்டித் தூக்கிப் போனார்கள்.
குத்திவிட்டுத் திரும்பும் வழியில்
காப்பிச்செடிக்கு நடுவே பிள்ளை பெற்றாள்.
ஜெயித்தவர் ஒரு ஓட்டில் ஜெயித்தார்.
லட்டோடு வந்து
"தொட்டிமேட்டுக்கு என்ன வேணும்?" என்றார்.
எல்லோரும் ஒரே குரலில்
ரோடு என்றோம்.

வாக்குத் தவறாத மனுஷர்.
தார் ரோடு போட்டார்,
மூன்று வளைவு மிச்சமாகும்படி,
எங்களுக்கு அரை மைல் கீழே.

லாரிச் சத்தம் மட்டும் கொஞ்ச நாள்
மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.
பிறகு சுரங்கத்தையே மூடினார்கள்.
பதினேழு, பதினொன்று, நான்கு.
அப்பாவைப் பலாவுக்குக் கீழே வைத்தோம்.
அம்மா பாய்லரை
அயோத்தியாப்பட்டணத்தில் விற்றுவிட்டு
பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்தாள்.
திரும்பிப் பார்த்தாளா என்று நான் கவனிக்கவில்லை,
எனக்கு வாந்தி.

இப்போது தீர்த்தி மட்டும் இருக்கிறாள்,
மிளகும் நாலு ஆடுமாக.
மையத்திலிருந்தே போன் போட்டேன்:
"நம்ம ஊரு லிஸ்ட்ல இல்லையாம்டி."
ஆட்டை அதட்டிவிட்டுச் சொன்னாள்:
"காலையில கூட இங்கதான இருந்துச்சு."

பையன் சிரித்தான்.
'இதர' என்பதைச் சொடுக்கினான்.
அறுபது ரூபாய் என்றான்.
சில்லறையாகக் கொடுத்தேன்.