பிசின்

ஆட்டம் முடிந்து கால்மணி கழித்துத்தான்
எங்கள் ஆட்டம்.
நான், ரத்கோ, இரண்டு வாளி, ஒரு கேன் எண்ணெய்.
போட்கோரிட்சாவின் டிசம்பர் மழை
தகரக் கூரைமேல் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.

ஹேண்ட்பாலில் முதலில் வருவது பிசின்.
பைன் மரம் அழுததை டப்பாவில் அடைத்திருப்பார்கள்,
தேன் நிறம், கற்பூர வாசம்.
காலணியின் குதிகாலில் ஒரு உருண்டை அப்பிக்கொண்டு
ஓடும்போதே குனிந்து தொட்டுக்கொள்வார்கள்
சோற்றுக்கு ஊறுகாய் தொடுவதுபோல.
அப்புறம் கை பந்தை விடாது
பந்து கையை விடாது
கதவுப்பிடி, தண்ணீர் பாட்டில், நடுவரின் சட்டை
எதுவும் எதையும் விடாது.
பிரித்துவைக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஜனவரியில் ஆண்கள் வந்தார்கள்.
ஐஸ்லாந்துக்காரர்கள், துனீசியாக்காரர்கள்,
ஆறு மீட்டர் கோட்டில் அலமாரியும் அலமாரியும் மோதின.
முரசு வந்தது, தொலைக்காட்சி வந்தது,
இரவு வேலைக்கு ஒன்றரைக் கூலி வந்தது.
இப்போது பெண்கள்.
நம்மூர்ப் பெண்கள் ஆடினால் வாசலில் அடிதடி;
இன்றைக்கு அங்கோலாவும் செக் நாடும்,
பாதி இருக்கைகளில் கோட்டுகள் உட்கார்ந்திருந்தன.
பந்து ஒரு சுற்று சின்னது.
கறை அதே அளவு.
ஒன்றரைக் கூலி பற்றி மேலாளர் வாய் திறக்கவில்லை.

நான் ஆட்டம் பார்ப்பதில்லை,
பிறகு வந்து தரையை வாசிப்பேன்.
இதோ ஒருத்தி விழுந்திருக்கிறாள்: முழங்கை, இடுப்பு,
எழுவதற்கு ஊன்றிய ஐந்து விரல்.
இங்கே பிவட் நின்றிருக்கிறாள்,
கோலுக்கு முதுகைக் கொடுத்து
ஒரு மணி நேரம் இடிபட்டவள்,
ஒரு தட்டளவு இடத்தில்
அவள் காலணி அரைத்த கறுப்பு வட்டம்.
கோல் கம்பத்தில், நெற்றி உயரத்தில்,
புதிதாய் ஒரு பிசின் முத்திரை.

"அதுதான்" என்றான் ரத்கோ.
"மணி அடித்தபின் ஏழு மீட்டர். அங்கோலா எட்டாம் எண்.
கீப்பர் இடதுபக்கம் சாய்ந்துவிட்டாள். பாதிக் கோல் காலி.
போட்டிருந்தால் சமன்."
சொல்லிவிட்டு, கம்பத்தை அவனே துடைத்தான்,
வழக்கமாக என் வேலை அது.

உடைமாற்றும் அறைக்குப் போகும் நடையில்
போன வாரம் வெள்ளையடித்த சுவரில்
ஒரு முழுக் கை.
ரேகை வரைக்கும் தெரிந்தது.
எனக்கு வந்த கோபத்தில்
அவளுடைய தாய், தாய்நாடு, இரண்டையும் திட்டினேன்,
சத்தமாக,
எங்கள் மொழி யாருக்குப் புரியப்போகிறது என்று.

திரும்பினால் அவள்.
கோட்டுக்குக் கீழே ஈர ஜெர்ஸி,
கட்டைவிரலில் பாதி அவிழ்ந்த பிளாஸ்திரி.
சுவரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள்.
ஏதோ சொன்னாள்,
மன்னிப்போ, பதிலுக்கு என் தாயையோ.
பிறகு துணியை வாங்கிக்கொண்டு துடைக்கத் தொடங்கினாள்.

முதலில் எண்ணெய், பிறகு காத்திருப்பு,
பிறகு வெளியிலிருந்து உள்நோக்கி.
யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது அவளுக்கு.
நான் சுண்டுவிரலிலிருந்து வந்தேன்,
அவள் கட்டைவிரலிலிருந்து.
உள்ளங்கையில் சந்திக்கும் முன்
வெளியே பஸ் ஹாரன்,
"லுசோலா!" என்று ஒரு குரல்.
துணியை நீட்டினாள். அது அவளிடமிருந்து வரவில்லை.
இழுத்தேன். வந்தது.
அப்போது சிரித்தாளா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது,
மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

படிவத்தில் "சுவர்: சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
உள்ளங்கை நடுவில் ஒரு மஞ்சள் இன்னும் இருக்கிறது,
விளக்குக்குச் சாய்வாக நின்றால் தெரியும்.
நாளை பத்து மணிக்கு பிரேசில் வருகிறது.

ஆறாம் எண் பஸ்ஸில் நாணயத்தை நீட்டினேன்.
ஓட்டுநர் இரண்டு முறை கிள்ளிப் பார்த்துவிட்டு
என்னை ஏறெடுத்துப் பார்த்தார்.