துடுப்பு

முதல் வருசம் வந்த படத்தில்
பலகைமேல் ஒருத்தன் குப்புறக் கிடந்தான்.
மறுவருசம் எழுந்து நின்றான், கையில் துடுப்பு.
நாற்பதாயிரம் பனியன்.
நைட் ஷிப்டு, டீ, மறுபடி நைட் ஷிப்டு.

"அலைக்குள்ள நின்னுக்கிட்டே போவாங்களாமா?"
நீலத்தை இழுத்தபடி கேட்டான் சென்னியப்பன்.
"சோத்துக்கரண்டியாட்ட இருக்குது."
நாங்கள் யாரும் பார்த்ததில்லை.
பார்த்த தண்ணியெல்லாம் நொய்யல்;
அதில் நுரை உண்டு, அலை கிடையாது.

துடுப்புக்குத் தனி ஸ்கிரீன், ஆரஞ்சு.
அரை நூல் விலகினாலும்
கைக்கும் துடுப்புக்கும் நடுவே வெள்ளை விழும்,
பிடிமானமில்லாமல் நிற்பான்.
அப்படி நின்ற முந்நூறு பேர்
காதர்பேட்டையில் எண்பது ரூபாய்க்குப் போனார்கள்.

இந்த சீசன் ஆயிரத்து இருநூறுதான்.
மெயிலில் ஒரே வரி:
துடுப்பை எடுத்துவிடவும், ஆள் இருக்கட்டும்.
ஏனென்று மெர்ச்சன்டைசர் பிள்ளைக்கும் தெரியவில்லை.
ஒரு கலர் மிச்சமென்று
பீஸுக்கு அறுபது பைசா குறைத்தார்கள்.
ஆரஞ்சு ஸ்கிரீனைக் கழுவிக் கவிழ்த்தேன்.
அவன் விரல்கள் மட்டும்
இன்னும் மடங்கியே இருக்கின்றன.

நேற்று பல்லடம் பஸ்ஸில்
வெளுத்துப்போன ரிஜெக்ட் பனியனோடு ஒருத்தர்.
கம்பி எட்டவில்லை.
வளைவில் எல்லோரும் சரிய,
காலை அகட்டி
நின்றார்.