குழி விழுந்த டப்பா

விமானம் மூட்டைகளை உதிர்த்துப் போன மறுநாள்
அளக்கும் வேலை எனக்கு.
ஆளுக்கு ஏழு டப்பா சோளம்,
தலைதட்டி.
எண்ணெய் டப்பாவின் கழுத்தை அறுத்துச் செய்த படி அது.

நாத்தனார் நியாபேல் வந்தாள்.
கொஞ்சம் கோபுரமாக விழும் என்று
விளிம்பையே பார்த்தாள்.
தட்டினேன்.
“எனக்குமா?”
காது கேளாதவள்போல்
அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

சோபாத் ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள்,
போன கோடையில் எங்கள் மாடுகளை ஓட்டிப்போனவர்களின் பெண்டுகள்,
கடைசியில் நின்றார்கள்.
அவர்களுக்கும் ஏழு.
கை நடுங்கவில்லை.
சொன்னால் என்ன, பெருமையாகத்தான் இருந்தது.

பொழுது சாய்ந்தபோது
தார்ப்பாயில் இரண்டரை மூட்டை மீதி.
கணக்குப்படி ஒரு மணி மிஞ்சக்கூடாது.

டப்பாவைக் கவிழ்த்தேன்.
அடியில், யார் மிதித்ததோ,
மூன்று விரல் படுத்துக்கொள்ளும் குழி.

நானூறு பேரிடமும்
ஒரே அளவாகத் திருடியிருக்கிறேன்.

பேரேடு எழுதிய டோபுவோல் சிரித்தான்:
“ஆளுக்கு இரண்டு பிடி தேறுமா?
இதற்காகவா மறுபடி வெயிலில் நிற்கவைப்பாய்,
அல்லிக்கிழங்கு தோண்டப் போகிறவர்களை?”
அவன் சொன்னதும் நியாயம்தான்.
கண் மட்டும் அந்த அரை மூட்டையில் இருந்தது.

இரவு, கல்லை உள்ளே விட்டுத் தட்டினேன்.
குழி நிமிர்ந்தது.
ஓரத்தில் மயிரிழையாய் ஒரு விரிசல்.
சேறு அப்பினேன்.

விடியும் முன்பே வரிசை.
முதல் ஆளாக நியாபேல்,
தோளில் முடிந்த துணியின் நுனியை
விரித்துப் பிடித்துக்கொண்டு.
“ம், தலைதட்டு” என்றாள்.