கூடுதல் காற்று

சேஹா முனையில் சிவப்பு விழுந்தால் போதும்,
என் வண்டி செத்துவிடும்.

ஓடும்போது ஒரு குறை சொல்ல முடியாது.
சென்காட்டா ஏற்றத்தில்
பதினான்கு பேரையும், சாக்கில் கட்டிய ஒரு செம்மறியையும்
இரண்டாம் கியரில் முனகாமல் இழுத்த வண்டி
நில் என்றால்
இரண்டு தும்மல், ஒரு குலுக்கல்,
அவ்வளவுதான்.

பின்சீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள்:
"இறங்கித் தள்ளவா, நெல்வா?"
பின்னால் ஹார்ன். அதற்குப் பின்னால் இன்னும் பெரிய ஹார்ன்.

மூன்று மாதம்.
ஆளுக்கொரு வைத்தியம்.
பெட்ரோலில் தண்ணீர் என்றான் ஒருவன்.
பிளக்கெல்லாம் கரி என்றான் இன்னொருவன்;
நான்கும் புதிது போட்டேன், கடனில்.
கார்ப்பரேட்டரைப் பிரித்து ஊதினார்கள்.
ஸ்லோ ஸ்பீடு திருகைத் திருகித் திருகி
அதன் தலை மழுங்கிப்போனது.
கடைசியில் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு
ஒரே இடத்துக்கு வந்தார்கள்:
"நாலாயிரம் மீட்டர் உயரம்மா எல் ஆல்ட்டோ.
மனுஷனுக்கே மூச்சு வாங்குது.
எஞ்சினுக்குக் காத்து எங்கே?"

சரி என்று
வலது காலை இரண்டாகப் பங்கு போட்டேன்.
முன்பாதம் பிரேக்குக்கு, குதிகால் ஆக்சிலேட்டருக்கு.
நிற்கும்போதும் உறுமிக்கொண்டே நின்றேன்.
இரவில் படுத்தால்
கெண்டைக்கால் தானாகப் போர்வையை மிதிக்கும்.
"எந்த ஊருக்கு சவாரி?" என்பான் வில்மர்,
சுவர்ப்பக்கம் நகர்ந்துகொண்டு.

செனோபியா தார்க்கியிடம் நான் போனது
தள்ளுகதவுத் தாழ்ப்பாளுக்காக.
விடிந்தும் விடியாத நேரம், சேறெல்லாம் உறைந்திருந்தது.
கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைக்காமல் இறங்கினேன்;
அணைத்தால் திரும்ப எழாதோ என்ற பயம்.
தாழ்ப்பாளைக் கழற்றியவள் தலையை நிமிர்த்தினாள்.
"நின்னா அணையுதுன்னு சொன்னே.
இப்ப நின்னுக்கிட்டுத்தானே ஓடுது?"

எனக்குப் பதில் இல்லை.

"ஏறு. பிரேக்கை மிதி."
செத்தது.
"மிதிக்காம ஸ்டார்ட் பண்ணு."
பிழைத்தது.
"மிதி."

ரேடியோவை அணைக்கச் சொன்னாள்.
அகலப் பாவாடையை முழங்காலுக்கடியில் மடித்துப் போட்டு
பெடலருகே குனிந்து
என் ஷூவுக்குப் பக்கத்தில் காதை வைத்தாள்.
இத்தனை நாளும் கணுக்காலில் உரசிய குளிரைக்
கதவிடுக்குக் காற்று என்றே நினைத்திருந்தேன்.
அவள் வாயைத் திறந்து மெல்ல ஊதினாள்.
வெள்ளையாய் வந்த மூச்சு
மேலே எழவில்லை.
வளைந்தது, பெடல் தண்டின் ரப்பருக்குள்
நூல் கோத்ததுபோல் நுழைந்து மறைந்தது.

"உள்ளே பூஸ்டர் கிழிஞ்சிருக்கு.
மிதிக்கிறப்போ எல்லாம் எஞ்சின் இங்கேருந்து இழுக்குது.
காத்து பத்தலேன்னு யார் சொன்னது?
காத்து கூடிப்போய்ச் சாகுது."

அப்படியென்றால்
பதினான்கு பேர் விட்ட மூச்சையும்,
ஈரக் கம்பளி வாசத்தையும், ஆரஞ்சுத்தோல் வாசத்தையும்,
செம்மறியின் இருமலையும்கூட
ஒவ்வொரு சிக்னலிலும்
குடித்துக் குடித்துத்தான் விக்கியதா?

என் சீட்டைத் தூக்கி,
துணி சுற்றிய பிளையரால் ஹோஸை நசுக்கினாள்.
இப்போது மிதித்தேன். எஞ்சின் அசையாமல் ஓடியது.
பெடல்தான் கல்லாகிவிட்டது.
"இப்படியே ஓட்டலாமா?"
"ஓட்டலாம். நிக்கத்தான் முடியாது."

வியாழச் சந்தையில்
நொறுங்கிய வண்டிகளிலிருந்து கழற்றிக்
கித்தானில் குவித்திருந்தார்கள்.
முதல் பூஸ்டரின் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி,
நாக்கால் துளையை அடைத்துப் பார்த்தாள் செனோபியா.
காறித் துப்பினாள்.
இரண்டாவதும் ஏமாற்றியது.
மூன்றாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது.
பேச முடியாமல்
கையை ஆட்டி ஆட்டி
விலையைக் குறைக்கச் சொன்னாள் என்னை.

இன்று சேஹா முனை.
சிவப்பு.
தலைக்குமேல் கம்பிவடத்தில் பெட்டிகள் நகர்கின்றன.
எஞ்சின் தன்பாட்டுக்கு முணுமுணுக்கிறது.
பின்சீட்டில் யாரும் எதையும் கவனிக்கவில்லை;
வெங்காய விலை பேசுகிறார்கள்.

என் குதிகால் மட்டும்
ஆக்சிலேட்டருக்கு ஒரு விரல் உயரத்தில்
இன்னும் தொங்கிக்கொண்டு.