சுத்தியலைக் கழித்தால்

கொழிஞ்சாம்பாறையில் முதல் பஸ்.
மடியில் கோப்பு, கோப்பின் மேல் கறுப்பு கவுன்.
பத்தேகாலுக்கு எர்ணாகுளத்தில் இருக்க வேண்டும்.

வழக்கு இளநீர் பற்றியது.
சின்னச் சுத்தியல் காயைத் தட்டும்,
மைக் கேட்கும்,
வழுக்கையா முற்றலா என்று கணக்கு சொல்லும்.
காப்புரிமை கொச்சிக் கம்பெனிக்கு.
மெஷின் என் கட்சிக்காரர் நூர்தீன் ராவுத்தருக்கு,
கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தகரக் கொட்டகையில்.

பாலக்காட்டில்தான் வழக்குப் போட்டார்கள்.
காப்புரிமையையே ரத்து செய் என்று எதிர்வழக்குப் போட்டேன்;
சட்டப்படி அது உயர் நீதிமன்றத்துக்கு ஏறியது.
என் முதல் நகர்த்தல்.

'மருதாசலத்தைக் கூண்டுல ஏத்துங்க வக்கீலம்மா,
விரலால சுண்டியே சொல்லுவான்
ஒரு லாரிக் காய்க்கும்.'
வேண்டாம் என்றேன்.
மருதாசலம் வந்தால் பேச்சு பழசா புதுசா என்று திரும்பும்.
அது வேறு கதவு.
அதற்குச் சாட்சி, குறுக்கு விசாரணை, மூன்று வருஷம்.
நான் தட்டப்போவது அதற்கு முந்திய கதவை:
இது கண்டுபிடிப்பே அல்ல, கணக்கு.
கணக்குக்குப் பட்டா கிடையாது.

எதிர்த்தரப்பு சீனியர் சுத்தியலைத் தூக்கிக் காட்டுவார்.
எஃகு. ஸ்பிரிங். பதினாறு கிராம்.
கணக்கு என்ற சொல் அவர் வாயில் வராது.
நான் அவர்களுடைய முதல் உரிமைக்கோரலை
நிறுத்தி நிறுத்தி வாசிப்பேன்.
சுத்தியல் வரும் இடம் அரை வரி.
மீதி முப்பத்தோரு வரியும்
கூட்டல், பெருக்கல், ஒப்பிடல்.

'சுத்தியலைக் கழித்தால் என்ன மிச்சம்?'
இதை நான் கேட்கக் கூடாது.
நீதிபதி கேட்க வேண்டும்.
அதற்குத்தான் இத்தனை நாள் தூக்கம் கெட்டது.

நேற்றிரவு ராவுத்தர் போன்:
'ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்மா.
நம்ம மெஷினுக்கும் போன மே மாசம்
காப்புரிமை கேட்டு எழுதிப் போட்டிருக்கு.'

அனுப்பச் சொன்னேன். வாசித்தேன்.
சுத்தியல், கால் வரி.

கோர்ட்டில் ஆங்கிலம்; என் குறிப்பு தமிழில்.
எந்தக் கணக்கும் கண்டுபிடிப்பல்ல என்று எழுதியிருந்தேன்.
சித்தூர் தாண்டியதும் பேனாவை எடுத்தேன்.
எகரத்தை இகரமாக்கினேன், உம்மையை அடித்தேன்.
இந்தக் கணக்கு கண்டுபிடிப்பல்ல.

ஏன் இது மட்டும் என்று கேட்டால்?

பாலக்காடு இன்னும் பதினான்கு கிலோமீட்டர்.