மணிக்கு நாற்பது

காரீஸ் தாண்டியதும் தார் முடிந்தது.
அதற்கப்புறம் சரளை, உப்பு, காற்று.
சாக்ரன் வேகமானி முள்ளை நாற்பதில் நிறுத்தி
பால் பொங்காமல் காவல் நிற்பவன்போல்
பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

இவனா டர்பனில்
பச்சை விழுமுன் பாய்ந்தவன்?
உதிரிபாகக் கடையின் ஷட்டரை
முப்பத்தோரு வருடம்
ஓடி ஏற்றி, ஓடி இறக்கியவன்?

பின்புறம் திறந்த வண்டியை
இந்த நாட்டில் பக்கி என்பார்கள்.
தமிழில் அது வசவு.
எங்களுடையது இரண்டு மொழிக்கும் பொருந்தும்.
குடிக்கிற டீசல் அப்படி.

வடக்கே போகும்வரை கடல் என் ஜன்னலில்.
திரும்பி வரும்போது அவனுக்கு.
கேப் டவுனில் போட்ட ஒப்பந்தம்.
ஆனாலும் வளைவுக்கு வளைவு
என் தோளுக்கு மேலாக எட்டித் திருடிக்கொண்டிருந்தான்.

எங்கள் ஊர்க் கடல்போல் இல்லை இது.
கால் வைத்தால் எலும்பில் கடிக்கிறது.
கரையில் கருங்கூந்தலாய்ப் பாசி,
அதில் உட்கார்ந்து
யாரையோ ஏசும் கடல்காகங்கள்.
'வைரப் பகுதி, நுழையாதே' என்று ஒரு வேலி.
அந்தப்பக்கம் என்ன மின்னியதோ தெரியாது,
இந்தப்பக்கம் ஓர் ஆமை
சாலையைக் கடந்தது.
எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.
பதினொரு நிமிடம்.
அதற்குள் ஓர் ஆரஞ்சை உரித்து
பாதியைத் தந்தான். பெரிய பாதி.

மூன்று மணிக்கு டயர் போனது.

ஜாக்கியைப் போட்டால்
வண்டி ஏறவில்லை, ஜாக்கி இறங்கியது.
மணல் அதை மெல்ல விழுங்கியது.
கல் இல்லை, பலகை இல்லை,
கண்ணெட்டும் வரை
முழங்கால் உயரச் செடிகள்தான்.
பெட்டியைக் கிளறி
இரும்புத் தவாவை எடுத்து வந்தேன்.
"அதில்தானே ரொட்டி சுடணும்?"
"ராத்திரிக்கு ரொட்டி. இப்போ அது தரை."

நட்டுகளைக் கழற்றினான்.
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு,
சிக்ஸ்.
அவன் தமிழ் அத்தோடு சரி.
தவா ஒருமுறை முனகியது.
வண்டி எழுந்தது.

ஹொண்டெக்லிப்பாயில் பனிமூட்டம்
எங்களுக்கு முன்பே வந்து இறங்கியிருந்தது.
படகுகள் கழுத்தளவு வெண்மையில்.
முகாமில் அடுத்த அடுப்பு டாவிட் க்ளூட்டியுடையது.
இருபது வருடம் கடலடியில் சரளை உறிஞ்சி
வைரம் தேடியவராம்.
கிடைத்ததா என்று கேட்டதற்கு
இடக்காதைக் காட்டினார்: "இது போச்சு."

தவாவின் நடுவில் ஜாக்கி விட்ட பள்ளம்.
எந்த மாவைப் போட்டாலும்
அந்த இடம் மட்டும் வேகாமல்
வெள்ளையாய் ஒரு வட்டம்.
க்ளூட்டி ரொட்டியை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
"இது என்ன குறி?"
"கம்பெனி முத்திரை" என்றான் சாக்ரன்,
பில் போடும் குரலில்.
அவர் நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.
அந்த வட்டத்தைக் கடைசியில்தான் தின்றார்.

இரவு கூடாரத்துணி
அலையோடு சேர்ந்து மூச்சு விட்டது.
கடைச்சாவிக் கொத்தை மகனிடம் கொடுத்த பிறகும்
இவன் கை தூக்கத்தில்
இடுப்பைத் தடவிப் பார்க்கிறது.
நான் என் கையை வைத்தேன் அங்கே.
சாவி இல்லை என்று
அதற்குத் தெரிந்திருக்கும்.
ஆனாலும் போகவில்லை.

காலையில் பனி விலகப் பத்து மணி.
"இன்னும் வடக்கேதானே?"
"வடக்கேதான்."
"அப்போ நான் ஓட்டுறேன்."

சரளையில் என் கால் நடுங்கியது.
முப்பது. முப்பத்தைந்து.
வேகம் போதாதென்றோ அதிகமென்றோ
ஒரு சொல் வரும் என்று
காதைத் தீட்டி வைத்திருந்தேன்.
ஒன்றும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால்
ஜன்னலை முழுக்க இறக்கி,
முழங்கையை வெளியே போட்டு
பார்த்துக்கொண்டிருக்கிறான்,
நான் கொடுத்தேன் என்று
இன்னும் தெரியாமல்.