மூடுபனி நாட்கள்

"இந்தியாவுக்கு எத்தனை நாள் போதும்?"

பகர்கஞ்சில், இரண்டாம் மாடியில்,
ஏசி சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்த அறையில்
பதினோரு வருடமாய் இந்தக் கேள்விக்கு
விலை எழுதிக் கொடுக்கிறேன்.

ஏழு நாளென்றால் முக்கோணம்: டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர்.
பதினான்கென்றால் முக்கோணத்துக்கு ஒரு வால் முளைத்துக்
காசி வரை நீளும்.
இருபத்தொன்றுக்குக் கேரளத்துப் படகு.
அதற்கு மேல் கேட்டால்
சச்தேவா சாப் எழுந்து வந்து கை குலுக்குவார்.

தாஜ்மகாலுக்கு நாற்பது நிமிடம் என்றார் ஒருவர்.
ஐம்பது எழுதினேன். அந்தப் பத்து என் கணக்கு.
ஆறு மாதம் என்று பணம் கட்டிய இருவர்
ரிஷிகேஷில் இறங்கி உட்கார்ந்துகொண்டு
மீதியைத் திருப்பிக் கேட்டார்கள்.

மார்ச் கடைசி வாரம் வந்தவள் பெயர் யாத்ராங்கா.
ஸ்லோவேனியா.
என் காதில் அது யாத்திரை என்றே விழுந்தது,
திருத்திக்கொள்ளவில்லை.
"எங்கள் நாட்டைக் கடக்கக்
காலையில் காரெடுத்தால் போதும்,
நடுவில் நிதானமாய்ச் சாப்பிட்டும்
விளக்கு வைக்குமுன் அடுத்த தேசம்."

அவளிடம் இருபத்தாறு நாள் இருந்தது.
பட்டியலில் பத்தொன்பது ஊர்.
பென்சில் தந்தேன்.
பேனா தருவதில்லை நான், யாருக்கும்.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் வரைபடம்.
உள்ளே இறங்கிவிட்ட டீ
சத்தீஸ்கர் மேல் காய்ந்து கிடக்கிறது;
இத்தனை வருடத்தில் அதற்கு அடியில் என்ன என்று
ஒருவரும் கேட்டதில்லை.
அவள் கேட்டாள்.
காடு என்றேன். அருவி என்றேன்.
பிறகு, தெரியாது என்றேன்.
இந்த நாற்காலியிலிருந்து அந்தச் சொல்
அன்றுதான் முதல் தடவை வந்தது.

அடிக்கத் தொடங்கினாள்.
முதலில் போனது கட்ச்.
பிறகு ஷில்லாங்: "போய்ச் சேரவே இரண்டு நாளா?"
ஹம்பியை அடித்து, மறுபடி எழுதி,
பாதி எழுத்தில் நிறுத்தினாள்.
பென்சில் மதுரைக்கு வந்தபோது
ஏனோ வாளியைக் காலி செய்ய எழுந்து போனேன்.
திரும்பினால்
மதுரை இருந்தது, உதய்ப்பூர் இல்லை.
ரப்பர் துகள்கள்
வங்காள விரிகுடாவில் ஒதுங்கியிருந்தன.

"ஒரு ஜென்மம் போதாது மேடம்" என்றான்
சோபாவில் சாய்ந்திருந்த டிரைவர் ஹர்பால்.
எல்லோரிடமும் சொல்வான், டிப்ஸ் கிடைக்கும்.
எனக்கு அந்த வாக்கியம் பிடிக்காது.
ஜென்மமா கேட்டாள்? நாள் கேட்டாள்.
மூன்று மாதப் பயிற்சி என்று
ஒற்றைப் பெட்டியோடு புதுதில்லி ஸ்டேஷனில்
இறங்கியவன் நான்.
குதுப் மினாரின் உயரம் மீட்டரில் தெரியும்,
அதன் நிழலில் நின்றதில்லை.

கடைசியில் ஏழு ஊர், இருபத்திரண்டு நாள்.
"மீதி நாலு?"
"ஒன்றும் வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.
பிடித்த ஊரில் கூடத் தங்குவேன்.
இல்லாவிட்டால் ரயில் போகும் பக்கம்."

கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை.
நாள் இருந்தால் ஊர் வேண்டும்,
ஊர் இருந்தால் ஓட்டல்,
ஓட்டல் இருந்தால் தொகை;
காலிக் கட்டம் சிவப்பில் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

ஜனவரியில்,
ரயில்கள் பத்து மணி நேரம் பிந்தும் வாரங்களுக்கென்று
எங்களிடம் ஒரு குறியீடு உண்டு:
மூடுபனி நாள்.
ஊர் கேட்காது, ஓட்டல் கேட்காது, தொகை பூஜ்யம்.
நாலு தடவை அழுத்தினேன்.
கட்டங்கள் பச்சையாயின.

அவள் படியிறங்கிப் போனபின்
சச்தேவா சாப் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏப்ரல் மாசத்தில் மூடுபனியா?"

"இருக்கும் சாப்" என்றேன்.
"சத்தீஸ்கர் பக்கம்."